சிவப்புப் புள்ளி வைக்காத கிண்ணங்கள்

மக்கா,

புதன்கிழமை நீ போனில் சொன்ன ஒரு வார்த்தைக்காக இந்தக் கடிதம். அதற்குப் பிறகு நீ எத்தனை தடவை கூப்பிட்டும் நான் எடுக்கவில்லை. அம்மாவுக்கு என்னமோ கோபம் என்று நினைத்திருப்பாய். கோபம்தான், ஆனால் உன்மேல் இல்லை. உன் கல்யாணத்துக்கு இன்னும் மூன்று வாரம்கூட இல்லை, பந்தல்காரர் வந்து முற்றத்தை அளந்துவிட்டுப் போய்விட்டார், சமையலுக்கு யாரைச் சொல்லலாம் என்று நான்தான் உன்னிடம் கேட்டேன். "யார வேணும்னாலும் கூப்பிடும்மா, அந்தச் செல்லத்துரைய மட்டும் கூப்பிட்டுராத. கை சுத்தம் இல்லாத ஆளு. தாங்கல்ல நடந்தது போதும்லா," என்றாய். நான் "சரி மக்கா" என்றேன். எவ்வளவு லேசாக வந்தது அந்தச் "சரி"! போனை வைத்துவிட்டு அடுக்களைக்குப் போனேன். அரிசி களைந்த தண்ணீரைக் கொட்டுவதற்குப் பதில் அரிசியையே கொட்டிவிட்டு நின்றேன்.

இதைப் போனிலேயே சொல்லலாமே என்பாய். சொன்னால் நீ "விடும்மா, முடிஞ்சுபோன கதை" என்பாய். நானும் விட்டுவிடுவேன். உன் குரலைக் கேட்டால் எனக்குத் தைரியம் வராது, பாசம்தான் வரும். அந்தப் பாசத்தில்தான் இத்தனையும் கெட்டது. எட்டாம் வகுப்போடு நின்றவள் எழுத்து, பிழை இருக்கும். எழுத்துப் பிழையைப் பொறுத்துக்கொள், மற்றதைப் பொறுக்க வேண்டாம்.

உனக்குத் தெரிந்த இடத்திலிருந்தே தொடங்குகிறேன். அப்பா போன பிறகு உன்னைப் படிக்கவைக்க நான் கடற்கரைப் பக்கம் இறால் உரிக்கிற கம்பெனிக்குப் போனேன். ஐஸ் தண்ணீரில் கை விறைத்து, சாயங்காலம் உனக்குச் சோறு பிசைந்தால் விரல் மடங்காது. "ஒன் கைய மோந்து பாத்தா கடல் வருதும்மா" என்று மூக்கைப் பொத்துவாய், அப்படியும் அந்தக் கையால்தான் சாப்பிடுவாய். படித்து முடித்துக் கோயம்புத்தூரிலிருந்து நீ வந்த வாரம், உரித்துப் போட்ட ஓடெல்லாம் எங்கே போகிறது என்று கேட்டாய். "குழிக்குப் போகுது. பின்ன, பட்டணம் பாக்கவா போவும்?" என்றேன். நீ சிரிக்கவில்லை. பிளாஸ்டிக் இல்லாமல், மண்ணில் போட்டால் மக்கிப்போகிற கிண்ணமும் தட்டும் செய்யப்போகிறேன், எல்லாம் மற்றவர்கள் தூக்கி எறிகிற பொருளிலிருந்து என்றாய். எனக்கு அன்று பாதிதான் புரிந்தது. பையனுக்குப் படித்துப் படித்துத் தலை சூடாகிவிட்டது என்று நினைத்தேன்.

வீட்டுக்குப் பின்னால் கொட்டகை போட்டோம். அரிசி ஆலையிலிருந்து தவிடு, மரச்சீனிக் கிழங்கை அரைத்து மாவெடுத்த பிறகு மிஞ்சுகிற திப்பி, இரண்டையும் குழைத்து சூடான அச்சில் வைத்து அமுக்கினாய். முதல் கிண்ணம் கையிலேயே உதிர்ந்தது. பத்தாவது கிண்ணத்தில் சாயா ஊற்றினோம், பாதி உன் மடியில் வந்தது. "ஏலே, இது குடிக்கக் குடுக்குத கப்பா, குளிக்கக் குடுக்குத கப்பா?" என்று நான் கேட்டதற்கு இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாய். காய்ந்த பலகாரம் வைக்கலாம், சூடாக எதையும் ஊற்ற முடியாது. மேலே ஒரு பூச்சு வேண்டும் என்று நீ தேடியபோதுதான் இறால் ஓடு வந்தது. ஓட்டுச் சாக்கை நான் பஸ்ஸில் ஏற்றினேன். கண்டக்டர் மூக்கைப் பிடித்துக்கொண்டு, "எக்கா, எறக்கும் அத. வண்டியே நாறுது," என்று கத்தினார். "மத்தியானம் சட்டில கெடந்தா மணக்கும், சாக்குல கெடந்தா நாறுமோ வோய்?" என்றேன். பஸ்ஸே சிரித்தது. அந்த வாய் எனக்கு எப்போதும் இருந்தது. வேண்டிய நேரத்தில்தான் இல்லாமல் போனது.

ஓட்டை எப்படிப் பக்குவம் செய்ய வேண்டும் என்று நீ சுவரில் எழுதி ஒட்டினாய். முதலில் அமிலத்தில் ஊறப்போட்டுச் சுண்ணாம்பை எடுக்க வேண்டும். பிறகு காஸ்டிக் சோடாவில் ஒரு தடவை கொதிக்கவைத்து, கழுவி, இன்னொரு தடவை கொதிக்கவைத்து ஒட்டியிருக்கிற சதையெல்லாம் போக்க வேண்டும். கழுவின தண்ணீரில் சோதனைத் தாளை நனைத்தால் அதன் நிறம் மாறாமல் ஆகும் வரைக்கும் கழுவ வேண்டும். அப்புறம்தான் மற்ற வேலை. கடைசியில் கிடைக்கிற மாவை வினிகரில் கரைத்துக் கிண்ணத்தில் பூச வேண்டும். "ரெண்டு தடவம்மா. ஒண்ணு போதும்னு நெனச்சுராத. சதை கொஞ்சம் மிச்சம் இருந்தாலும் இறால் ஒத்துக்காத ஆளுக்கு அதுல ஆபத்து இருக்கு," என்று விரலை நீட்டிச் சொன்னாய். இன்னொன்றும் சொன்னாய். பூச்சுப் பூசிய கிண்ணத்தின் அடியில் சிவப்புப் புள்ளி வைக்க வேண்டும். அது மீன் கடைக்கும் அசைவ ஓட்டலுக்கும் மட்டும், அதுவும் விவரம் சொல்லித்தான். புள்ளி இல்லாதது எல்லாருக்கும். சின்னத் தூரிகையும் சிவப்பு மையும் வாங்கி வைத்தாய். நீ ஒன்றும் பிசகவில்லை மக்கா. இனி யார் என்ன கேட்டாலும் இதை நினைவில் வைத்துக்கொள்.

போன வருஷம் நம் தாங்கல் கோயிலில் ஏடு வாசிப்பு விழா நடந்துகொண்டிருந்தது. இப்போது போலவே அப்போதும் நீ கோயம்புத்தூரில், புது அச்சு பார்க்கப் போயிருந்தாய். உன் மாமனாராகப் போகிறவர் அப்போது வெறும் கமிட்டிக்காரர்தான், அவர் மகள் அனிதாவை நமக்குக் கேட்கலாமா என்று நான் மனதுக்குள் கணக்குப் போட்டுக்கொண்டிருந்த நேரம். கடைசி நாள் சாப்பாட்டுக்கு பிளாஸ்டிக் வேண்டாம் என்று பேச்சு வந்தது. அவர் எல்லார் முன்னாலும் என்னைப் பார்த்து, "ஒம்ம மவன் தவிட்டுல கப்பு செய்யானாமே. பாயசம் ஊத்துனா நிக்குமா, இல்ல பாயசத்தோட சேத்துத் தின்னணுமா?" என்று கேட்டார். எல்லாரும் சிரித்தார்கள். கிண்டல்தான், கெட்ட எண்ணம் இல்லை. ஆனால் என் மகனைக் கேலி செய்து சிரித்துவிட்டார்களே என்று எனக்குச் சுருக்கென்று தைத்தது. "நிக்கும். ஒரு சொட்டு எறங்காது. நான் தாரேன்," என்று சொல்லிவிட்டு வந்தேன்.

வீட்டுக்கு வந்து புள்ளி இல்லாத கிண்ணத்தில் கொதிக்கிற தண்ணீர் ஊற்றிப் பார்த்தேன். கொஞ்ச நேரத்தில் அடி இளகியது. உன்னைக் கூப்பிட்டுக் கேட்டிருக்கலாம். நீ "முடியாதுன்னு சொல்லிரும்மா" என்றிருப்பாய், அதனால்தான் கூப்பிடவில்லை. ஏடு வாசிப்பு விரதம் என்று வீட்டில் மீன்சட்டியைக் கவிழ்த்து வைத்திருந்தேன். அடுக்களையில் சட்டியைக் கவிழ்த்தவள் கொட்டகையில் இறால் ஓட்டை வேகவைத்தேன். நினைத்தால் இப்போதும் உடம்பு கூசுகிறது. இரண்டே நாள்தான் இருந்தது. காஸ்டிக் சோடாவில் ஒரு தடவைதான் கொதிக்கவைத்தேன். வெந்து, கரைந்து, மாவாகிப் போன பிறகு அதில் இறால் எங்கே இருக்கிறது என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். நானூறு கிண்ணம் பூசிக் காயவைத்தேன். கடைசியில் புள்ளி வைக்கத் தூரிகையை எடுத்தேன். மையில் தொட்டுக்கூட விட்டேன். பிறகு கழுவி, இருந்த இடத்திலேயே வைத்துவிட்டேன். அவசரத்தில் மறந்தேன் என்று சொல்லத்தான் ஆசை. மறக்கவில்லை மக்கா, வேண்டுமென்றே வைக்கவில்லை.

அன்று செல்லத்துரை அண்ணன் வைத்த அடைப்பாயசம் அப்படி ஒரு ருசி. கிண்ணத்திலிருந்து ஒரு சொட்டு இறங்கவில்லை. உன் மாமனார் கிண்ணத்தைத் தூக்கிப் பிடித்து அடியைத் தடவிப் பார்த்து, "ஆளு கெட்டிக்காரன்தான்" என்றார். என் காதில் அது தேனாக இறங்கிக்கொண்டிருந்தபோது பெண்கள் பந்தியில் சத்தம் கேட்டது. டீச்சர் வேலை பார்க்கிற நம் தெக்குத்தெரு மஞ்சு. உதடு வீங்கி, கண் மூடி, மூச்சு இழுத்துக்கொண்டிருந்தாள். காரில் தூக்கிப் போட்டு நாகர்கோவிலுக்குக் கொண்டுபோனார்கள், ஊசி போட்டுப் பிழைக்க வைத்தார்கள். டாக்டர் இறால், நண்டு ஏதாவது சாப்பிட்டாளா என்று கேட்டிருக்கிறார். சின்னப் பிள்ளையிலிருந்தே அவளுக்கு இறால் ஆகாது. "தாங்கல் சாப்பாடு டாக்டர். அங்க எப்படி இறால் வரும்? அங்கன்னா பயமில்லாம திங்கலாம்னுதானே போனேன்," என்று சொன்னாளாம். இதை அவள் அம்மா வந்து சொல்லும்போது நானும் கூட்டத்தில் நின்று, "அய்யோ பாவம்" என்றேன்.

மறுநாள் சாயங்காலம் தாங்கலில் கூடினார்கள். செல்லத்துரை அண்ணனை நடுவில் நிறுத்தி, "நீரு போன மாசம் யாரு வீட்டுக்கோ இறால் பிரியாணி வைக்க ஒம்ம பாயச உருளியக் குடுத்தீராமே, அதே உருளியத்தான் இங்கயும் கொண்டு வந்தீரா?" என்று உன் மாமனார்தான் கேட்டார். அண்ணன் வாயே திறக்கவில்லை. ஒரு வார்த்தை, "நல்லாக் கழுவித்தான் கொண்டாந்தேன்" என்றுகூடச் சொல்லவில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துக் கையில் வைத்துக்கொண்டு நின்றார். இனி தாங்கலில் உமக்கு அடுப்பு கிடையாது என்றார்கள். அவர் பேசாமல் போனது எனக்கு வசதியாகிவிட்டது. ஆளே மறுக்கவில்லை, ஒருவேளை உருளியாகவே இருக்குமோ என்று நானும் நம்பப் பார்த்தேன். நாலு நாள் அதையே உருப்போட்டேன். நம்ப முடியவில்லை. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை. அதற்கடுத்த மாதம் உனக்கு அனிதாவைப் பேசி முடித்தார்கள். பிறகு எப்படித் திறப்பேன்?

தோள் வலி என்று சொல்லி இந்த ஒரு வருஷமாகப் பூச்சு வேலையை நான் செய்யவில்லை, நினைவிருக்கிறதா? தோளுக்கு ஒரு கேடும் இல்லை. ஓடு ஊறப்போடுகிற அந்தத் தொட்டிப் பக்கம் போகப் பயம். நீ மாதாமாதம் வாங்கி அனுப்புகிற தைலம் அத்தனையும் அலமாரியில் மூடி திறக்காமல் இருக்கிறது. உனக்குத் தைலம் வாங்கிய காசு நஷ்டம், எனக்கு ஒவ்வொரு பாட்டிலும் ஒரு பொய். அனிதாவிடம் நீ இப்படி இருக்காதே. ஒரு பொய்க்குக் காவலாக இன்னொரு பொய்யை நிறுத்தினால் அப்புறம் வீட்டில் மனிதர் இருக்க இடம் இருக்காது. தப்பு செய்த அன்றைக்கே சொல்ல முடியாவிட்டால் மறுநாள் காலையிலாவது சொல்லிவிடு. ஒரு வாரம் போனால் அதுவே ஒரு வழக்கமாகிவிடும். நான் சோறு பொங்கினேன், சிரித்தேன், உன் கல்யாணத்துக்குச் சேலை எடுத்தேன், எல்லாம் அதன் மேலேயே நடந்தது. புதன்கிழமை அதை உன் வாயிலிருந்து கேட்கும்வரை எனக்கு வெட்கம் வரவில்லை. நான் ஊருக்குள் விட்ட பொய்யை என் பிள்ளை உண்மை என்று எடுத்துத் தின்றிருக்கிறான் என்று அப்போதுதான் தெரிந்தது.

நேற்று வியாழக்கிழமை காலை வடசேரிக்குப் போனேன். அங்கே ஒரு மெஸ்ஸில் செல்லத்துரை அண்ணன் காய் நறுக்கிக்கொண்டிருந்தார். ஆயிரம் பேருக்கு உலை வைத்த மனிதர், யாரோ வைக்கிற சாம்பாருக்குப் பூசணிக்காய் நறுக்குகிறார். என்னைப் பார்த்ததும் எழுந்து, "என்ன பிள்ளே, கல்யாணம் சொல்ல வந்தியா?" என்று கேட்டார். அந்த முகத்தைப் பார்த்து எப்படிச் சொல்வது? பின்கட்டில் குழாயடிக்கு அழைத்துப் போய் எல்லாவற்றையும் சொன்னேன். இறால் ஓடு, ஒரு கொதி, வைக்காத புள்ளி, எதையும் விடவில்லை. திட்டுவார் என்று நினைத்தேன். அடித்திருந்தால்கூட வாங்கியிருப்பேன். அவர் அப்படியே குழாயைப் பிடித்துக்கொண்டு குத்தவைத்து உட்கார்ந்துவிட்டார்.

"அப்போ என் உருளி இல்லியா?" என்றார்.

"இல்லண்ணே."

"நானும் உருளிதான்னுல்லா நெனச்சேன். புளி போட்டு, சாம்பல் போட்டு, மூணு தடவ வெளக்கித்தான் கொண்டாந்தேன். இருந்தாலும் எங்கயோ ஒட்டிட்டு, அந்தப் பிள்ளய நாந்தான் கொல்லப் பாத்துட்டேன்னு நெனச்சேன். அதுக்குத்தான் அன்னைக்கு வாயத் தொறக்கல. உருளியக் கூட இருக்கவிடல பிள்ளே, பழைய பாத்திரக்காரன்கிட்ட எறக்கிட்டேன். அதுக்கப்புறம் வீட்டுல ஒரு காப்பி கூட நான் போட்டதில்ல. இந்தக் கைய நம்பல." சொல்லிக்கொண்டே தன் இரண்டு கைகளையும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். நான் அழுதேன். என் அழுகையை அவர் பார்க்கவே இல்லை. "அந்தப் பிள்ளகிட்டச் சொன்னியா?" என்று கேட்டார். இல்லை என்றேன். "மொதல்ல அங்க போ. என்ட்ட அப்புறம் பேசலாம்," என்று உள்ளே போய்விட்டார்.

சாயங்காலம் மஞ்சு பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் போனேன். உள்ளே கூப்பிட்டு உட்காரவைத்தாள். சொல்லி முடித்ததும் எழுந்து நின்றாள். "எது ஒத்துக்கலன்னு தெரியாம ஒரு வருஷமா ஒவ்வொண்ணா விட்டேன் சித்தி. முந்திரிய விட்டேன், பால விட்டேன், வெல்லத்த விட்டேன். சொந்தத் தங்கச்சி கல்யாணத்துலயே பச்சத்தண்ணி குடிச்சுட்டு வந்தேன். நீங்க எதிர்ல பாக்கும்போதெல்லாம் 'ஒடம்பு எப்டி மக்ளே'ன்னு கேப்பீங்களே. எப்டிக் கேட்டீங்க?" என்றாள். நான் எழுந்தேன். "போய்ட்டு வாங்க" என்று கதவைச் சாத்தினாள். அவள் சாத்தியது சரிதான். பூசிய அன்று ஒரு தடவை அவளுக்கு விஷம் வைத்தேன், பேசாமல் இருந்த ஒவ்வொரு நாளும் அவள் சாப்பாட்டில் பயத்தை வைத்திருக்கிறேன். இரண்டாவது எனக்கு நேற்றுவரை தெரியாது.

நாளை மறுநாள் ஞாயிறு. தாங்கலில் பணிவிடை வழிபாடு முடிந்து எல்லாரும் இருக்கும்போது எழுந்து சொல்லப்போகிறேன். உன் மாமனாரும் இருப்பார். அவர் கேட்ட கேள்விக்கு நான் கொடுத்த பதில்தான் இது எல்லாம் என்று அவர் முன்னால்தான் சொல்ல வேண்டும். கல்யாணம் நிற்கலாம். நிற்காமலும் போகலாம், எனக்குத் தெரியாது. அனிதா நல்ல பிள்ளை, நேற்று உன்னை நினைத்து அழுததோடு அவளுக்காகவும் அழுதேன். கிண்ணம் வாங்க உன்னிடம் பேசிக்கொண்டிருக்கிற பலகாரக் கம்பெனிக்காரர்கள் காதுக்குப் போனால் உன் கிண்ணம் வேண்டாம் என்பார்கள். அவர்களிடம் நீயே முந்திச் சொல்லிவிடு. எதில் செய்தது என்று கேட்கிற யாருக்கும் முழுசாகச் சொல். நல்ல பொருள் மக்கா அது. குழிக்குப் போகிறதை எடுத்து நாலு பேருக்கு உபயோகமாக ஆக்கினாய். அதில் வஞ்சனையைக் கலந்தவள் நான்தான். இனி அந்தக் கொட்டகைக்குள் நான் வருவதா வேண்டாமா என்று நீ சொல். வேண்டாம் என்றால் வருத்தப்பட மாட்டேன், கொஞ்சம் வருத்தப்படுவேன், கேட்டுக்கொள்வேன்.

நாளைக்கு நாகர்கோவில் போய் இந்தக் கடிதத்தைத் தபாலில் போடுவேன். திங்களோ செவ்வாயோதான் உனக்குக் கிடைக்கும் என்று விசாரித்துத் தெரிந்துகொண்டுதான் போடுகிறேன். அதற்குள் நான் சொல்லி முடித்திருப்பேன், தடுக்க உனக்கு நேரம் இருக்கக் கூடாது. படித்ததும் நீ பஸ் ஏறுவாய், எனக்குத் தெரியும். ஊரில் இறங்கினதும் நேராக நம் வீட்டுக்கு வராதே. என் தப்பில் உனக்குப் பங்கில்லை, ஆனால் கை சுத்தம் இல்லாத ஆள் என்று சொன்னது உன் வாய். செல்லத்துரை அண்ணன் வீட்டுக்குப் போ. என்னைப் பற்றி எதுவும் பேசாதே, கல்யாணச் சமையலைப் பற்றியும் பேசாதே. தாகமாக இருக்கிறது என்று சொல்லி, அவர் கையாலேயே ஒரு காப்பி போட்டுத் தரக் கேள். தயங்குவார், நேரம் ஆகும், உட்கார்ந்திரு. அவர் போட்டுத் தந்தால் மிச்சம் வைக்காமல் குடித்துவிட்டு வீட்டுக்கு வா.

உன் அம்மா